மதிலுக்குள் மாதர் மனம்

சென்னையிலிருந்து வடக்கே ஆந்திர எல்லையை நோக்கிச் செல்லும் ஜி.என்.டி. சாலையில், மாதவரத்தைத் தாண்டியதும் புழல் சிறையின் உயர்ந்த மதில்களும், அவற்றுக்கு அப்பால் செங்குன்றத்து அரிசி ஆலைகளும், காரனோடைப் பாலமும், கவரைப்பேட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்தங்கிய பிறகு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு ஆலைகளும் அவற்றின் புகைபோக்கிகளும் கண்ணுக்குத் தென்படுகின்றன. இந்தச் சிறிய தூரத்துக்குள் எத்தனையோ விதமான ஸ்திரீகள் வாழ்ந்து வருகிறார்கள். செங்கல் சூளைகளில் கணவனோடும் குழந்தைகளோடும் கூலிக்கு உழைக்கும் ஒடிசாப் பெண்கள், அரிசி ஆலைக் களங்களில் நெல் உலர்த்தும் இருளர் பெண்கள், கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமிலேயே பிறந்து அங்கேயே தாயானவர்கள், தொழிற்சாலைகளில் காண்டிராக்ட் வேலைக்கு ஷிப்டு முறையில் போய்வருகிறவர்கள் என்று பல திறத்தினர். இவர்களில் யார்மீதாவது ஒரு குற்றம் சாட்டப்பட்டு, கும்மிடிப்பூண்டியிலோ பொன்னேரியிலோ மாஜிஸ்திரேட்டு ரிமாண்டு உத்தரவு பிறப்பித்துவிட்டால், போலீஸ் வண்டி அதே சாலையில் தெற்கு நோக்கித் திரும்பி, புழலில் உள்ள பெண்கள் தனிச்சிறையின் வாசலில் அவளை இறக்கிவிடுகிறது. மறுநாள் பத்திரிகையில் அவளைப் பற்றி வரும் செய்தி 'புழல் சிறையில் அடைத்தனர்' என்பதோடு நின்றுபோகும். அதற்குப் பிறகு அவள் மனத்துக்கு என்ன நேர்கிறது, அந்த மனம் நோயுற்றால் அதற்கு என்ன சிகிச்சை கிடைக்கிறது, அந்தச் சிகிச்சையைப் பற்றி வைத்தியர்களும் சட்ட அறிஞர்களும் கூறிவரும் குறைகள் எவை என்பது நம்மில் பெரும்பாலோர் விசாரித்தறியாத விஷயம்.

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்த பழைய மத்திய சிறையை மூடிவிட்டு, 2006-ஆம் ஆண்டில் புழலில் புதிய சிறை வளாகத்தைச் சர்க்கார் திறந்தது. நெடுங்காலம் திருவள்ளூர் மாவட்ட எல்லைக்குள் இருந்த அந்த இடத்தில் தண்டனைக் கைதிகளுக்கு ஒன்றும், விசாரணைக் கைதிகளுக்கு ஒன்றும், பெண்களுக்கு ஒன்றுமாகச் சிறைகள் அமைந்தன. வேலூர், திருச்சி, கோவை, மதுரை ஆகிய இடங்களிலும் பெண்களுக்கான தனிச்சிறைகள் இருப்பதால், ஆண்களின் சிறைக்குள் ஒரு மூலையைத் தடுத்துப் பெண்களை வைத்திருக்கும் பல மாநிலங்களைவிடத் தமிழ்நாடு இந்த வகையில் மேலான நிலையில் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

ஆயினும், தனிக் கட்டிடம் வேறு, தனிக் கவனம் வேறு. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் பெண்கள் 23,772 பேர், அதாவது நூற்றுக்கு நான்கு பேர். சிறையின் விதிகள், காவல் முறைகள், வைத்திய ஏற்பாடுகள், அவற்றுக்கான நிதி யாவும் மற்ற தொண்ணூற்றாறு பேரை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டவை. 1987-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான நிபுணர் குழு பெண் கைதிகளின் நிலையைத் தனியே ஆராய வேண்டியிருந்ததற்கும் இதுவே காரணம். எண்ணிக்கையில் சொற்பமானவர்கள் என்பதனாலேயே அவர்களுடைய துன்பமும் சொற்பமாகத்தான் இருக்கும் என்று நிர்வாகம் அனுமானித்துக்கொண்டுவிட்டது.

அந்தத் துன்பத்தின் இயல்பை நாம் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். சிறைக்குள் வரும் பெண்களில் கணிசமானவர்கள் அதற்கு முன்பே அடியும் உதையும் பட்டவர்கள். சிலர் சிறுவயதிலேயே பலாத்காரத்துக்கு ஆளானவர்கள். கணவனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களில் சிலர் பல ஆண்டுகள் அவனிடம் வதைபட்டவர்கள். ஆந்திர எல்லையை ஒட்டிய எளாவூர் சோதனைச்சாவடியில் கஞ்சாப் பொட்டலங்களோடு பிடிபடும் பெண், அந்தச் சரக்கின் சொந்தக்காரன் யாரென்று அறியாத வெறும் சுமைதூக்கியாகக்கூட இருக்கலாம். ஆனால் பொட்டலத்தின் எடை ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிவிட்டால், போதைப்பொருள் சட்டத்தின் 37-ஆம் பிரிவு அவளுக்கு ஜாமீன் கிடைப்பதை மிகவும் அரிதாக்கிவிடுகிறது. வாய்தாவுக்குமேல் வாய்தாவாக மாதங்கள் கழிகின்றன. ஆண் கைதியை மனு பார்க்க, அதாவது சிறைக்கு வந்து சந்திக்க, மனைவியோ தாயோ சாப்பாட்டுக் காசைக் குறைத்துக்கொண்டாவது வந்து நிற்கிறாள். பெண் கைதியை மனு பார்க்க வருகிறவர்கள் நாளடைவில் அருகிப்போகிறார்கள், சில குடும்பங்கள் அவள் இறந்துவிட்டதாகவே பாவித்துக்கொள்கின்றன. இத்தனைக்கும் இடையில் தூக்கம் போய், பசி போய், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் பெண்ணைக் கண்டு நாம் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை. உலகின் 12 நாடுகளில் நடந்த 62 ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்ட கட்டுரை, சிறையிலுள்ள பெண்களில் நூற்றுக்கு நான்கு பேருக்குச் சித்தம் கலங்கும் கொடிய நோயும், பன்னிரண்டு பேருக்குக் கடுமையான மனச்சோர்வு நோயும் இருப்பதாகக் கணக்கிட்டது.

நம் நாட்டில் இந்நோய்களைக் கண்டறியும் இடத்திலேயே முதல் தவறு நேர்ந்துவிடுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிபுணர்கள் பரப்பன அக்ரஹார மத்திய சிறையில் 5,024 கைதிகளை முறையாகப் பரிசோதித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், போதைப் பழக்கத்தால் வரும் கோளாறுகளை நீக்கிவிட்டுப் பார்த்தாலும், நூற்றுக்கு இருபத்தேழு பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநோய் இருந்தது தெரியவந்தது. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் சிறைக் கணக்கில், நாடு முழுவதுமுள்ள மனநோயுற்ற கைதிகள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. ஒரு சிறையில் தேடிப் பார்த்தவர்கள் கண்டதற்கும், எல்லாச் சிறைகளிலும் எழுதி வைத்திருப்பதற்கும் இடையே உள்ள இந்தப் பெரும் பள்ளத்தில் விழுந்து கிடப்பவர்கள், பெயர் தெரியாத நோயோடு நாளைக் கழிக்கும் கைதிகள். அவர்களில் கூச்சலிடாதவர்கள் மிகவும் ஆழத்தில் கிடக்கிறார்கள்; பெண்களில் பலர் கூச்சலிடாதவர்கள்.

2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம் பல வகைகளில் உன்னதமானது. ஆனால் அதன் 103-ஆம் பிரிவில் உள்ள ஒரு ஏற்பாடு என்னைக் கவலைக்குள்ளாக்குகிறது. சிறையின் மருத்துவ அதிகாரி மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தம் சிறையில் மனநோயுள்ள கைதி எவரும் இல்லை என்று உறுதிசெய்து மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அப்படி எவரேனும் இருந்தால், ஏன் அவரைச் சிகிச்சை நிலையத்துக்கு மாற்றவில்லை என்று வாரியம் கேட்கலாம். நோயாளியைச் சிறையில் அழுகவிடக்கூடாது என்ற நல்ல உத்தேசத்தோடு எழுதப்பட்ட விதிதான் இது. ஆயினும் நடைமுறையில், இல்லை என்று எழுதினால் காரியம் முடிந்தது, இருக்கிறார் என்று எழுதினால் விளக்கம், வண்டி, காவல், கோப்பு என்று வேலை பெருகும் என்ற நிலையில், தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்த்துக் களைத்துப்போயிருக்கும் ஒரு வைத்தியர், பேசாமல் சுருண்டு கிடக்கும் பெண்ணின் மௌனத்தை நோயென்று எழுதுவதற்கு இந்த விதி தூண்டுதலாக இருக்குமா என்று யோசிக்க வேண்டும். கண்டுபிடித்தவரைப் பாராட்டுவதாகவும், கண்டுபிடிக்காதவரைக் கேள்வி கேட்பதாகவும் அந்த அறிக்கையின் வடிவம் மாறினாலொழிய உண்மை எண்ணிக்கை வெளிவராது. சிறை வைத்தியர்கள் எல்லோருக்கும் மனநல அவசர சிகிச்சையில் அடிப்படைப் பயிற்சியேனும் அளிக்க வேண்டுமென்று இதே சட்டத்தின் 31-ஆம் பிரிவு கட்டளையிட்டிருக்கிறது. 2016-இன் மாதிரிச் சிறைக் கையேடு 500 கைதிகளுக்கு ஒரு மனநல ஆலோசகர் வேண்டுமென்று சொல்கிறது. நாட்டின் மொத்தச் சிறைகளில் உள்ள ஆலோசகர்களைக் கூட்டினாலும் அந்த விகிதத்துக்கு அருகில்கூட வரமாட்டோம்.

இரண்டாவது குறை, என் அபிப்பிராயத்தில் எல்லாவற்றிலும் பெரியது, சிகிச்சையின் நோக்கத்தைப் பற்றியது. வீட்டில் ஒருவருக்கு மனநோய் வந்தால் அவர் பழையபடி சிரிக்க வேண்டும், பேச வேண்டும், வேலைக்குப் போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். சிறையிலோ, அவள் கத்தாமலிருந்தால் போதும், பிளாக்கில் மற்றவர்கள் தூங்கினால் போதும், மாலை லாக்கப் நேரத்தில் எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும் என்ற அளவில் எதிர்பார்ப்பு நின்றுவிடுகிறது. அதனால் இரவு மாத்திரை முதன்மையான சிகிச்சையாகவும், பல இடங்களில் ஒரே சிகிச்சையாகவும் ஆகிவிடுகிறது. மாத்திரைகளைக் குறைகூறுவது என் கருத்தல்ல; சித்தக் கலக்கத்துக்கு அவை இன்றியமையாதவை. ஆனால் குழந்தையைப் பிரிந்த துக்கத்தையும், எப்போது விடுதலை என்று தெரியாத ஏக்கத்தையும், பழைய பலாத்காரத்தின் நினைவையும் உறக்க மருந்தால் மூடிவைப்பது வைத்தியமாகாது. அவற்றைப் பேசித் தீர்க்கப் பயிற்சி பெற்ற ஒருவர் வாரந்தோறும் வந்து ஒரு மணி நேரம் எதிரே உட்கார வேண்டும், அவள் சொல்வது அதிகாரிகளின் காதுக்குப் போகாது என்ற நம்பிக்கையும் அவளுக்கு இருக்க வேண்டும். அழுகிறவளை 'நடிக்கிறாள்' என்றும், தன்னையே காயப்படுத்திக்கொள்கிறவளை 'பயமுறுத்துகிறாள்' என்றும் சொல்லும் வழக்கம் சிறைகளில் வேரூன்றியிருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தாரென்றே கருத வேண்டும், அவருக்குப் பராமரிப்பு அளிப்பது சர்க்காரின் கடமை என்று மேற்சொன்ன சட்டத்தின் 115-ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. மனநோயாளியைத் தனிமையில் அடைத்து வைப்பதை 97-ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் நோயென்று காண்பதைச் சிறை ஒழுங்கீனமென்று காணும் இடத்தில்தான் தனி அறையும், சலுகைகளைப் பறித்தலும் சிகிச்சையின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

அடக்கி வைப்பதையே பராமரிப்பென்று எண்ணிய நெடிய சரித்திரம் நமக்கு உண்டு. 1982-இல் வீணா சேத்தி வழக்கில், ஹசாரிபாக் சிறையைப் பற்றி வந்த கடிதத்தை மனுவாக ஏற்று உச்ச நீதிமன்றம் விசாரித்தபோது, சித்தம் தெளிந்த பிறகும் இருபது முப்பது ஆண்டுகள் அங்கேயே மறக்கப்பட்டுக் கிடந்தவர்களின் கதை வெளிவந்தது. பத்திரிகையாளர் ஷீலா பார்ஸே தொடுத்த வழக்கில், எந்தக் குற்றமும் செய்யாமல், வழிதவறி அலைந்தார்கள் என்பதற்காகவே மேற்கு வங்கச் சிறைகளில் 'பாதுகாப்பாக' வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளைக் கண்டு, அவ்விதம் வைப்பது அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்று 1993 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்முடைய சென்னையில் 1794-இலேயே மனநோயாளிகளுக்கென ஒரு விடுதி தோன்றி, பிற்காலத்தில் அது கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையாக வளர்ந்தது. சிறையிலிருந்து அனுப்பப்படும் நோயாளிகளுக்கும் அதுவே இன்றுவரை புகலிடம். இவ்வளவு தொன்மையான, இவ்வளவு அனுபவம் வாய்ந்த ஸ்தாபனம் புழலிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில் இருந்தும், ஒரு பெண் கைதி அங்கே போய்ச் சேர்வது அத்தனை எளிதன்று.

அதற்கு ஒரு காரணம் வழிக்காவல். கைதியை மருத்துவமனைக்கு அழைத்துப் போக ஆயுதப்படைக் காவலர்கள் வர வேண்டும். பெண் கைதியென்றால் பெண் காவலர்கள் வர வேண்டும். அன்றைக்கு ஏதேனும் மந்திரி வருகையோ, திருவிழாவோ, ஊர்வலமோ இருந்தால் வழிக்காவல் கிடைக்காது. மருத்துவமனைத் தேதி தவறும். நீதிமன்ற வாய்தாவுக்குக் காவலர் வராவிட்டால் நீதிபதி காரணம் கேட்பார். மனநல மருத்துவரிடம் குறித்த தேதி தவறினால் கேட்பதற்கு எவருமில்லை.

இன்னொரு காரணம் குழந்தை. இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசியதாக எனக்குத் தோன்றவில்லை. 2022-இன் இறுதியில் நாட்டுச் சிறைகளில் 1,537 தாய்மார்களோடு 1,764 குழந்தைகள் இருந்தார்கள். ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் வகுத்தளித்த நெறிகளின்படி, குழந்தை ஆறு வயது வரையில் தாயோடு சிறையில் இருக்கலாம். ஆனால் மனநலச் சிகிச்சை நிலையத்தில் சேர்க்கப்படும் தாயிடமிருந்து குழந்தையைப் பிரிக்கலாகாது என்ற பாதுகாப்பை மேற்சொன்ன மனநலச் சட்டம் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கே அளிக்கிறது. நான்கு வயதுக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் ஒரு தாய், தனக்குக் காதில் குரல்கள் கேட்கின்றன என்று சிறை வைத்தியரிடம் வாய் திறந்து சொன்னால், மருத்துவமனைக்குப் போவது அவள் மட்டுமே என்றாகிவிடக்கூடும். அந்தப் பயத்தால் நோயை மறைக்கும் தாயை நாம் குற்றம் சொல்ல முடியுமா? இரண்டு சட்ட நெறிகளுக்கும் இடையே விழுந்த அந்த மூன்று ஆண்டு இடைவெளியை அடைப்பதற்குப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. ஆறு வயது நிறைந்து குழந்தை உறவினரிடமோ காப்பகத்துக்கோ அனுப்பப்படும் நாளையும், அதற்குப் பின்வரும் வாரங்களையும் தாய்க்கு ஆபத்தான காலமாகக் கருதிக் கண்காணிப்பதும் அவசியம்.

பிரசவத்தை ஒட்டி வரும் சித்தக் கலக்கம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிரசவித்த சில நாட்களிலோ வாரங்களிலோ தூக்கமின்றிப் பிதற்றி, தன் சிசுவையே பகையாக எண்ணும் இந்த நோய் அரிதானதாயினும் வைத்திய உலகம் நெடுங்காலமாக அறிந்தது. அந்நிலையில் சிசுவைக் கொன்ற தாயைக் கொலைகாரியாகக் கருதாமல், குறைந்த குற்றம் புரிந்தவளாகக் கருதும் தனிச் சட்டத்தை இங்கிலாந்து 1922-இலேயே இயற்றி 1938-இல் விரிவுபடுத்தியது. நம் சட்டப் புத்தகத்தில் அத்தகைய பிரிவு இல்லை. சித்த சுவாதீனம் இல்லாதவருக்கான பொதுவான விதிவிலக்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவாக இருந்து இன்று பாரதிய நியாய சங்கிதையின் 22-ஆம் பிரிவாக இருக்கிறது. செய்வது இன்னதென்றோ, அது தவறென்றோ அறிய இயலாத நிலையை நிரூபித்தால்தான் அதன் பயன் கிட்டும். சூளையில் பிரசவித்து, மருத்துவச் சீட்டு எதுவும் இல்லாத ஒரு பெண் அதை எப்படி நிரூபிப்பாள்?

கும்மிடிப்பூண்டிப் பகுதியைப் பொறுத்தவரையில் மொழியும் ஒரு தடையாகிறது. உடம்பில் வலிக்கும் இடத்தைக் கையால் சுட்டிக் காட்டலாம். மனத்தின் வலியைச் சொல்லத்தான் வேண்டும். ஒடியாவோ இந்தியோ மட்டும் தெரிந்த ஒரு பெண்ணிடம் தமிழில் நாலு கேள்வி கேட்டு, அவள் தலையசைத்ததைக் கொண்டு 'இயல்பாக இருக்கிறாள்' என்று எழுதினால் அது பரிசோதனையாகாது. சக கைதியை மொழிபெயர்க்கச் சொன்னால் அந்தரங்கம் பிளாக் முழுவதும் பரவிவிடும். பல மொழிகளில் தொலைபேசி வாயிலாக ஆலோசனை அளிக்கும் டெலி மானஸ் சேவையை மத்திய சர்க்கார் 2022-இல் தொடங்கியிருக்கிறது. அந்த ஏற்பாட்டைச் சிறைச் சுவருக்குள் முறையாகக் கொண்டுவந்தால் இந்தக் குறையில் பாதியாவது நீங்கும்.

இவை நம் தேசத்தின் குறைகள் மட்டுமல்ல. இங்கிலாந்தில் ஸ்டைல் என்ற பெண்கள் சிறையில் 2002 ஆகஸ்டு முதல் ஓராண்டுக்குள் ஆறு பெண்கள் இறந்துபோனார்கள். அதைத் தொடர்ந்து ஜீன் கார்ஸ்டன் அம்மையார் நடத்திய ஆய்வு 2007-இல் வெளிவந்தது. பெரிய சிறைகளை விட்டொழித்து, வீட்டுக்கு அருகில் சிறு விடுதிகளில் பெண்களை வைக்க வேண்டும், குற்றம் சிறிதாயின் சமூகத்திலேயே வைத்துத் திருத்த வேண்டும் என்று அவர் கூறினார். அதே 2007-ஆம் ஆண்டு அக்டோபரில் கனடாவில் ஆஷ்லி ஸ்மித் என்ற பத்தொன்பது வயதுப் பெண், தனிமைச் சிறையறையில், காவலர்கள் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கையிலேயே உயிரிழந்தாள். கடைசி ஓராண்டுக்குள் பதினேழு முறை அவளைச் சிறைக்குச் சிறை மாற்றியிருந்தார்கள். அதனால் எந்த வைத்தியரும் அவளைத் தொடர்ந்து கவனிக்க இயலவில்லை. 2013-இல் மரண விசாரணை ஜூரிகள் அதை வெறும் தற்கொலை என்று ஏற்காமல், பிறரால் நேர்ந்த மரணம் என்றே முடிவு செய்தார்கள். செல்வ நாடாகிய கனடாவிலும் குறை பணத்தில் இல்லை. அவளை நோயாளியாகப் பார்க்க மறுத்து, அடங்காதவளாகப் பார்த்த பார்வையில் இருந்தது. 2010 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட எழுபது பாங்காக் விதிகள், சிறைக்குள் வரும் ஒவ்வொரு பெண்ணின் மனநிலையையும் முதலிலேயே பரிசோதிக்க வேண்டும், முன்பு அவள் பட்ட கொடுமைகளையும் அறிந்து அவரவருக்கு ஏற்ற சிகிச்சை அளிக்க வேண்டும், பெண்கள் மிகுந்த மனவேதனைக்கு உள்ளாகும் தருணங்களைக் காவலர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று கூறுகின்றன.

நம்மிடத்தில் நல்ல முயற்சிகளே இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். 2023 ஆகஸ்டில் புழலில் பெண் கைதிகளே நடத்தும் பெட்ரோல் நிலையம் திறக்கப்பட்டது. வெளி மனிதர்களோடு நாலு வார்த்தை பேசிக் கூலி வாங்கும் பெண்ணுக்குத் தன்மேல் மதிப்பு மீள்கிறது. அதுவும் சிகிச்சையின் ஓர் அங்கமே. ஆனால் அது தண்டனைக் கைதிகளுக்குக் கிட்டும் வாய்ப்பு. வழக்கு முடியாமல் வாய்தாவை எண்ணிக்கொண்டிருக்கும் விசாரணைக் கைதிக்குப் பகல் முழுவதும் செய்வதற்கு ஒன்றுமில்லை. மனம் அதிகமாக நோகிறவளும் அவளே. தெருவில் திரியும் மனநோயுற்ற பெண்களுக்காக 1993-இல் சென்னையில் தோன்றிய பான்யன் போன்ற தொண்டு ஸ்தாபனங்கள், குடும்பத்தார் கைவிட்டவளையும் பேச வைத்து, ஊரைக் கண்டுபிடித்து, வீடு சேர்க்க முடியும் என்பதை முப்பது ஆண்டுகளாக நிரூபித்து வருகின்றன. அந்த அனுபவத்தைச் சிறைக்குள் நிரந்தரமாக அழைத்துக்கொள்வதற்குச் சர்க்கார் தயங்க வேண்டியதில்லை.

விடுதலையாகும் தருணத்தைப் பற்றிய ஏற்பாடு இவை எல்லாவற்றிலும் அவசரமானது. சிறையில் மாத்திரை சாப்பிட்டு வந்த பெண்ணுக்குத் திடீரென்று ஒரு மாலை ஜாமீன் உத்தரவு வந்து, கையில் துணிப்பையோடு ஜி.என்.டி. சாலையில் நின்று கும்மிடிப்பூண்டிப் பஸ்ஸைப் பிடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பையில் ஒரு மாதத்துக்கான மாத்திரையும், அவளுக்கு என்ன நோய், என்ன மருந்து என்று அவளுக்குத் தெரிந்த மொழியில் எழுதிய சீட்டும் இருக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டம் திருவள்ளூரிலும் இயங்குகிறது. 2022 ஜனவரியில் அங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. சிறை மருத்துவமனையிலிருந்து அத்திட்டத்தின் வைத்தியருக்கு அன்றே ஒரு தகவல் போக வேண்டும். அவள் குறித்த நாளில் வராவிட்டால் கிராம சுகாதாரச் செவிலியர் அவளுடைய சூளையையோ, முகாமையோ, வாடகை அறையையோ தேடிப்போய் விசாரிக்க வேண்டும். காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் நடுவில் நிறுத்திவிட்டால் இன்று அப்படித்தான் தேடிப் போகிறார்கள்.